கடைசியில் வைத்த பாட்டு

பாட்டுக்காரர் இறந்த அன்று எங்கள் ஊர்ப் படகு ஒன்றுகூட ஏரியில் இறங்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை வலை தண்ணீரைத் தொடக் கூடாது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆனால் அன்றைய முறை எங்களுடையதாக இருந்தது. இரால் ஓடும் இடங்களில் எந்த நாள் எந்த ஊர் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு சுற்று உண்டு. அதைப் பாடு என்பார்கள். தவறிய பாடு திரும்ப வராது. அடுத்த முறைக்காரர்கள் மனமிரங்கித் தங்கள் நாளைக் கொடுத்தால்தான் உண்டு.

அடுத்த நாள் முறை வடக்கே இருக்கும் குப்பத்துக்கு. இறந்தவரின் மனைவி பிறந்த ஊர் அது. அவளுடைய அண்ணன் அங்கே பெரிய மனிதர். பிற்பகல் அவர் தங்கைக்குக் கோடித் துணி எடுத்துக்கொண்டு வருவார், வந்த இடத்தில் எல்லார் முன்னிலையிலும் நாளைய பாடு எங்கள் ஊருக்கு என்று விட்டுக்கொடுப்பார் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஊர் அந்த வாய்ச்சொல்லுக்காகக் காத்திருந்தது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. சென்னையில் ஒரு நாளிதழில் பல வருடம் மற்றவர்கள் எழுதியதை வெட்டிக் குறைக்கும் வேலை பார்த்தவள். கணவருக்குப் பழவேற்காட்டில் அரசு சுகாதார நிலையத்தில் ஆய்வக வேலை கிடைத்ததும் இங்கே வாடகைக்கு வந்தோம். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு பாட்டுக்காரருடையது. தொழில் எல்லாரையும்போல மீன்பிடிப்புதான். வலை கட்டிவிட்டு இரால் ஏறக் காத்திருக்கும் நேரத்தில் படகுக்குப் படகு பாட்டால் வம்பிழுப்பதில் அவர் பேர் போனவர். கரைக்கு வந்தபின் காலை வேளைகளில் கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்து எனக்காகப் பாடினார். பேட்டி எடுக்க வைத்திருந்த சிறிய ரெக்கார்டரில் பதிவு செய்து, எம்பி3 கோப்புகளாக லேப்டாப்பில் வைத்திருந்தேன். லேப்டாப் பழையது. புதிய விண்டோஸைத் தாங்காது என்று லினக்ஸ் போட்டிருந்தேன். சிடித் தட்டு செருகும் டிரைவ் அதில் இன்னும் வேலை செய்தது.

காலையில் அவருடைய மகள் வந்தாள். மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். அழுது முடித்த முகம். கையில் மஞ்சள் பை.

"அக்கா, நைனா பாட்டு ஒங்ககிட்ட கீது இல்ல?"

"இருக்கு."

"அத்த வண்டியில போடணும். சுடுகாடு வரிக்கும் அவரு பாட்டுதான் அவரு கூட போவணும். அடிக்கடி சொல்லிக்கினு இருப்பாரு. நான் செத்தா வேற எவன் பாட்டும் போடாதீங்க, எனக்கு அவனுங்க கொரலே புடிக்காதுன்னு."

எளிய வேலை என்று நினைத்தேன். பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஊர் மைக் செட்டுக்காரரிடம் இருப்பது பழைய செட். பென் டிரைவ் சொருகும் இடம் உப்புக்காற்றில் துரு ஏறி அடைத்துப் போயிருந்தது. வயர் குத்தும் துளையும் அப்படித்தான். போனை மைக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊளைதான் வந்தது. பழவேற்காட்டில் இருக்கும் நல்ல செட் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. இவரிடம் உருப்படியாக ஓடுவது ஒரு சிடி பெட்டி மட்டும். அதுவும் எம்பி3 நிரப்பிய தட்டைப் படிக்காது. கடையில் விற்கும் பாட்டு சிடி போல, ஆடியோ சிடியாக இருந்தால்தான் படிக்கும்.

மஞ்சள் பையிலிருந்து இரண்டு காலி சிடிகளை எடுத்தாள். போட்டோ ஸ்டுடியோவில் மேசை டிராயரின் அடியில் கிடந்தவை. வேறு கடைகளில் கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

எம்பி3 என்பது நெருக்கி மடித்த துணி மாதிரி. ஆடியோ சிடிக்கு அதை முழுசாக விரித்துப் பரப்ப வேண்டும். மடித்து வைத்தால் நூற்றுக்கணக்கில் பாட்டுக் கொள்ளும் தட்டில், விரித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான் பிடிக்கும். அவருடைய பாட்டுகளோ நீளமானவை. பதினொன்று தேறின. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் பேரையும் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொன்னாள். சிடியில் ஏறியதும் இந்தப் பேரெல்லாம் போய்விடும், ஒன்று, இரண்டு என்ற எண்தான் இருக்கும் என்றேன். எண் போதும் என்றாள்.

அலுவலகத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த சிறு நிரல் என்னிடம் இருந்தது. கோப்புகளை விரித்து வரிசையாகத் தட்டில் எழுதிவிடும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். டிரைவ் முனகியது. முதல் தட்டு வெளியே வந்தது. சரிபார்க்க அதையே திரும்பச் செருகி ஓட்டினேன்.

லேப்டாப்பிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது. அவசர அவசரமாக, ஹீலியம் குடித்த ஆள் மாதிரி. மெட்டு மட்டும் தெரிந்தது.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இது? நைனாவா?"

நிறுத்தினேன்.

"இத்த வண்டியில போட்டா சிரிப்பாங்கக்கா," என்றாள். குரல் நடுங்கவில்லை, தட்டையாக இருந்தது. "செத்தவனப் பாத்து ஊரே சிரிக்கும்."

காரணம் புரியச் சற்று நேரம் பிடித்தது. என் ரெக்கார்டருக்கு ஒரே மைக். ஒற்றை ஒலி. சிடிக்கு இடது, வலது என்று இரண்டு வேண்டும். அந்த நிரல் இரட்டை ஒலிக்காக எழுதப்பட்டது. இருந்த ஒன்றையே மாற்றி மாற்றி இடதுக்கு ஒரு துளி, வலதுக்கு ஒரு துளி என்று பங்கு வைத்துவிட்டது. அதனால் பாட்டு பாதி நேரத்தில் ஓடி முடிந்தது. கட்டளையில் ஒரு சொல் சேர்த்து, எல்லாவற்றையும் இரட்டையாக விரிக்கச் சொல்லி, விரித்த கோப்புகளைத் தட்டில் எழுதாமல் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். பாட்டுக்காரரின் கரகரத்த குரல் அறைக்குள் வந்தது. மகள் சுவரில் சாய்ந்தாள்.

அப்போது கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல மாதம். திரை அணைந்தது.

"எப்போ வரும்?" என்று வாசலில் போன ஒருவரைக் கேட்டேன்.

"மத்தியானத்துக்கு மேல எதுனா வரும். மரம் வெட்றாங்க."

பிணம் எடுப்பது பொழுது சாய்வதற்குள். எடுத்த பிறகுதான் அடுத்த நாளுக்கு வலையும் கம்புகளும் படகில் ஏற்ற முடியும். தாமதிக்க ஊர் ஒப்பாது. மைக் செட்டுக்காரரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று மகள்தான் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் ஊர்த் தலைவர் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை.

"சிடி போட்றீங்களாமே, ம்மா."

"ஆமாங்க."

"நல்லது. செய்யுங்க. ஆனா அந்த மச்சான் பாட்டு அதுல கூடாது."

எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்காரரின் பேர் போன பாட்டே அதுதான். தன் கல்யாணத்தின்போது பெண் வீட்டைக் கிண்டல் செய்து கட்டியது. பெண் பார்க்கப் போன இடத்தில் குழம்பில் மீனைத் தேடியது, கடைசி மச்சான் மூக்குச் சளியோடு பந்தியில் உட்கார்ந்தது என்று போகும். நடுவில் பெரிய மச்சானுக்கு, இன்று கோடி கொண்டுவரும் அதே அண்ணனுக்கு, ஒரு அடி உண்டு. பனிமூட்டத்தில் வழி தப்பி, பக்கத்து ஊர் இடத்தில் வலைக்கம்பு நட்டுவிட்டு வந்தார் என்று. அந்தக் காலத்தில் அது வெறும் வேடிக்கை. மச்சானும் சேர்ந்து சிரித்தவர்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு அதே எல்லையில் மெய்யாகவே தகராறு வந்தது. எங்கள் இடத்தில் அவர்கள் கம்பு நட்டதாக இங்கே சொன்னார்கள். இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். வலைகள் அறுந்தன. கடைசி மச்சானின் வலை அதில் முழுதாகப் போனது. அதன்பின் வேடிக்கைப் பாட்டு குற்றச்சாட்டாக மாறிவிட்டது. பாட்டுக்காரர் அதை ஏரியில் பாடுவதை நிறுத்தினார். எனக்காகப் பாடியது ஒரே ஒரு தரம்.

"அது இல்லாம இன்னா சிடி?" என்றாள் மகள். "அதான் நைனா பாட்டு. எங்கம்மாவுக்குப் பாடினது."

"தே, கண்ணு. கொஞ்சம் ரோசன பண்ணு. ஒங்க மாமா தட்ட எடுத்துக்கினு வர்றாரு. வாயத் தொறந்து நாளைய பாடு குடுக்கறேன்னு சொல்லப் போறாரு. அந்த நேரத்துல ஸ்பீக்கர்ல ஒங்க நைனா, நீ எல்ல தாண்டினவன்னு கத்தினா இன்னா ஆவும்? அவரு சும்மா இருந்தாலும் சின்னவன் சும்மா இருப்பானா?"

"மாமாவுக்குத் தெரியாத பாட்டா அது?"

"தெரிஞ்சதுதான் பேஜாரே."

"அப்போ எனக்கு சிடியே வோணாம். மேளம் மட்டும் அடிச்சி இட்டுக்கினு போங்க. அவரு சொன்னத செய்யலன்னு நான் ஊர் பூரா சொல்லிக்கினு இருப்பேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் கேட்பது எனக்குத் தெரிந்த வேலைதான். அந்த ஒரு சரணத்தை எடுத்துவிட்டு இருபுறத்தையும் ஒட்டினால் தெரியாது. அதற்கு லேப்டாப்பில் வசதியும் இருந்தது. மகளிடம் சொன்னேன்.

"வெட்டாதீங்கக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு நான் வேறொன்று சொன்னேன். நாளிதழில் போட்டே ஆக வேண்டிய, ஆனால் கண்ணில் படக் கூடாத செய்திக்கு ஓர் இடம் உண்டு. கடைசிப் பக்கத்தில் அடியில். அந்தப் பாட்டைக் கடைசியாக, பதினோராவதாக வைப்போம். மற்ற பத்தும் ஓடி முடியும்போது வண்டி சுடுகாட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும். கோடி போடுவது, பேசுவது எல்லாம் வீட்டு வாசலிலேயே முடிந்திருக்கும்.

"வண்டி சீக்கிரம் போய்ட்டா?" என்றாள் மகள்.

"போய்ட்டா வராது. மெதுவாப் போனா வரும்."

அவள் யோசித்தாள். "மெதுவாத்தான் போவும். நைனாவுக்குக் கூட்டம் ஜாஸ்தி."

தலைவர், "கடைசியில இருந்தா சரி," என்றார். எண்ணைத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். "பதினொண்ணு. பதினொண்ணு வர்றதுக்கு முன்னாடி நானே போய் நிறுத்திட்றேன்," என்று அவள் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார்.

மைக் செட்டுக்காரரின் குட்டியானை வண்டி பந்தலை ஒட்டி நின்றிருந்தது. ஜெனரேட்டர் பின்புறம் கட்டியிருந்தது. ஸ்பீக்கரில் ஏதோ பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பைச் சொருகியதும் ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் திரை மங்கி மங்கி எழுந்தது. எழுதும் நேரத்தில் மின்சாரம் இப்படி ஆடினால் தட்டு பாழாகும். மீதி இருப்பது ஒன்றுதான்.

"இது முடியற வரைக்கும் ஸ்பீக்கரை நிறுத்தணும்," என்றேன்.

"சாவு வூட்ல சத்தம் நிக்கக் கூடாது, மேடம்," என்றார் செட்டுக்காரர். ஒல்லியான, நரைத்த மனிதர். தலையில் துண்டு. "பொணம் எழுந்து ஒக்காந்துக்கும்."

"எழுந்து ஒக்காந்தா நேராவே பாடச் சொல்லிட்றேன்," என்றாள் மகள். "நிறுத்துண்ணே."

நிறுத்தினார். மேளக்காரர்களையும் கையமர்த்தச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் மைக்கும் அதே ஜெனரேட்டரில்தான் இருந்தது. தெரு சட்டென்று வெறுமையானது. ஜெனரேட்டரின் ஓட்டமும், பந்தலுக்குள் யாரோ மூக்குறிஞ்சும் ஒலியும், ஏரியிலிருந்து வரும் காற்றும். எத்தனை மெதுவாக எழுத முடியுமோ அத்தனை மெதுவான வேகத்தை வைத்தேன். வேகமாக எழுதிய தட்டைப் பழைய பெட்டிகள் திக்கித் திக்கிப் படிக்கும்.

சும்மா நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக வண்டியைச் சுற்றி வந்தார்கள். திரையில் எண்கள் ஏறுவதை ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஓடுது?"

"பாட்டு எறங்குது."

"பாட்டு எறங்கறதுக்கு இம்மா நேரமா? பாட்டுக்காரன் உசுரோட இருந்தப்ப டக்குனு எறங்கும். அதுக்கு வேற சரக்கு."

"வாய மூட்றா."

ஐந்தாவது எழுதும்போது வடக்குக் குப்பத்துப் படகுகள் கரையில் ஒதுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். ஏழாவதில் ஜெனரேட்டர் ஒரு தரம் இருமியது. செட்டுக்காரர் ஓடிப்போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், நோயாளியின் நெற்றியைத் தொடுவதுபோல. பத்து. பதினொன்று. தட்டை மூடி முடிக்க இன்னும் சற்று நேரம். பிறகு டிரைவ் வாயைத் திறந்தது.

முதல் பாட்டின் முதல் வரியை மட்டும் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். குரல் சரியாக இருந்தது. அதற்கு மேல் நேரமில்லை. மேளம் எழுந்துவிட்டது. வடக்குக் குப்பத்தார் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

தட்டைச் செட்டுக்காரரிடம் கொடுத்தேன். "மொத்தம் எத்தினி பாட்டு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"சரி மேடம். நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

வந்தவர்களில் முன்னால் பெரிய மச்சான். பருத்த, மெதுவாக நடக்கும் மனிதர். கையில் பித்தளைத் தட்டு, அதில் கோடித் துணி, மஞ்சள், பூ. அவருக்கு அரை அடி பின்னால் கடைசி மச்சான். யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார். பிணம் பூப்பல்லக்கில் இருந்தது. பக்கத்தில் தரையில் பெரிய மச்சானின் தங்கை. பெரியவர் தட்டோடு பல்லக்கின் எதிரில் வந்து நின்றார். மேளம் ஓய்ந்தது. அவர் பேச வாயைத் திறக்கும் நேரம்.

ஸ்பீக்கர் கொறகொறத்தது. பாட்டுக்காரரின் குரல் தெரு முழுக்க வந்தது.

*பொண்ணு கேக்கப் போன அன்னிக்கி மீனு கொழம்பு வெச்சாங்க,*
*கொழம்புக்குள்ள மீனக் காணோம், முள்ளத் தேடி வெச்சாங்க!*

பதினோராவது பாட்டு.

நான் வண்டிக்கு ஓடினேன். எனக்கு முன்பே தலைவர் அங்கே இருந்தார்.

"நிறுத்துய்யா! ஒண்ணுலருந்து போடு!"

"ஒண்ணுலருந்தா?" செட்டுக்காரர் நிஜமாகவே திகைத்தார். "கல்யாணத்துக்குத்தான் தலைவரே ஒண்ணுலருந்து. சாவுக்கு எல்லாம் தலகீழாத்தான். கேசட்டு காலத்துலயே சாவுன்னா மொதல்ல பி சைடுதான் போடுவேன். எங்கப்பாரு கத்துக் குடுத்தது. ஒண்ணுலருந்து போட்டா அடுத்த சாவுக்கு அச்சாரம்."

தலைவர் கை நீட்டினார். அந்தக் கைக்கும் பெட்டிக்கும் நடுவில் மகள் வந்து நின்றாள். எப்படி அவ்வளவு விரைவாக வந்தாள் என்று தெரியவில்லை.

"கை வெக்காதீங்க."

"கண்ணு, ஊரு நாளைக்கி சோறு துன்னணும்."

"நைனா பாடறாரு. நடுவுல நிறுத்தினா அவர நெட்டித் தள்ற மாதிரி. வோணாம்."

அவளைத் தொட்டு நகர்த்த அந்த இடத்தில் யாருக்கும் துணிவில்லை. செத்தவரின் மகள். குரல் போய்க்கொண்டே இருந்தது. குழம்பு முடிந்து, பந்தி வந்தது. பந்தலுக்குள் ஒரு பெண் தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று தெருவில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வடக்குக் குப்பத்து ஆட்கள் நெருங்கி நின்றார்கள். எங்கள் ஊர் ஆண்களும் நெருங்கினார்கள். நடுவில் வழி குறைந்தது. கடைசி மச்சான் திரும்பிவிட்டார், அண்ணன் தோளைத் தொட்டு, "போலாம்ணா," என்றார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

பெரியவர் அசையவில்லை. தட்டு அவர் கையில் இருந்தது.

*பெரிய மச்சான் கண்ணு ரெண்டும் பருந்துக் கண்ணு பாருங்க,*
*பக்கத்தூரு எல்லையில கம்பு நட்டாரு கேளுங்க!*

யாரும் மூச்சுவிடவில்லை என்று எழுதினால் அது மிகை. ஜெனரேட்டர் ஓடியது, குழந்தைகள் எங்கோ கத்தின. ஆனால் பந்தலில் ஒப்பாரி நின்றிருந்தது. தங்கை தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். பல்லக்கைப் பார்த்துத்தான் பாடினார். குரல் பெரிதாக இல்லை, ஆனால் சுருதி சேர்ந்திருந்தது.

*எங்க வூட்டுப் பொண்ண இட்டுக்கினு எல்ல தாண்டிப் போன மச்சான்,*
*எங் கம்பு எல்ல தாண்டிச்சின்னு எப்பிடிடா நீ...*

அவர் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் ஸ்பீக்கரில் பாட்டுக்காரர் அடுத்த சரணத்தை ஆரம்பித்துவிட்டார். உரத்து, அவர் மேலேயே ஏறி.

பெரியவர் நிறுத்தினார். தட்டைப் பிடித்தபடியே எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்தீங்களா? செத்தும் புத்தி போவல. அன்னிக்கும் இப்பிடித்தான், என்ன முடிக்க வுட மாட்டான்."

சிரிப்பு முதலில் வடக்குக் குப்பத்து ஆட்களிடமிருந்து வந்தது. பிறகு எங்கள் பக்கம். தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று பார்க்கும்போதே அழுகையாகிவிட்டது.

"நிறுத்தச் சொல்லட்டா மாமா?" என்று மகள் வண்டியருகிலிருந்து கேட்டாள். இப்போதுதான் அவள் குரல் நடுங்கியது.

"ஏன் நிறுத்தணும்? எனக்கு இன்னும் ரெண்டு அடி பாக்கி கீது. வாங்கிக்கினுதான் போவேன்."

பாட்டு முடியும்வரை அவர் நின்றார். பின்பு குனிந்து தங்கையின் தோளில் கோடியைப் போர்த்தினார். நிமிர்ந்து தலைவரைப் பார்த்து, "நாளைக்கி எங்க பாடு ஒங்களுக்கு," என்றார். "பாட்டுக்கு பயந்துக்கினு குடுக்கல. தங்கச்சிக்காகக் குடுக்கறேன். கம்பு நான் நடல, அதுவும் சொல்லிட்டேன்."

தலைவர் கைகூப்பினார். கம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடைசி மச்சான் சிரிக்கவே இல்லை. கூட்டத்திலிருந்து விலகி, கைகளைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றார். ஆனால் போகவில்லை.

பல்லக்கு எழுந்தது. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். நானும் மகளும் அங்கேயே நின்றோம். வண்டி முன்னால், பல்லக்கு பின்னால், அதன் பின்னால் இரண்டு ஊர் ஆண்களும். கடைசி மச்சான் எல்லாருக்கும் பின்னால் சற்று இடம் விட்டு நடந்தார். செட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பின்னோக்கித் தள்ளும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார் என்பது ஒலி அறுபட்டு எழும் விதத்தில் தெரிந்தது. பத்து. ஒன்பது. சுடுகாட்டுப் பாதை ஏரியோரமாக வளைந்து போகும். தண்ணீர் மேல் ஒலி நன்றாக வரும், காற்று திரும்பும்போது மட்டும் மறையும்.

மற்ற பெண்கள் வீட்டுக்குள் திரும்பிவிட்டார்கள். மகள் நகரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு என்றாள், பிறகு ஏழு என்றாள். வண்டி மெதுவாகத்தான் போனது. சில இடங்களில் நின்றது. ஒரு தரம் பெரியவரின் குரல் பாட்டோடு சேர்ந்து கேட்டதாக அவள் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஒலி நின்றது. காற்று திரும்பியதாக நினைத்தோம். திரும்பவும் வரவில்லை. சுடுகாடு வந்துவிட்டிருந்தது.

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணுலருந்து போட்டிருந்தா ஒம்போதோட நின்னிருக்கும், இல்லக்கா?"

"ஆமா."

"அது வந்தே இருக்காது."

"வந்திருக்காது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். என் மேல் கோபம் இருந்ததா என்று முகத்தில் தேடினேன், எதுவும் பிடிபடவில்லை. வீட்டுப் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஆண்கள் திரும்பி வருவதற்குள் வீடு கழுவ வேண்டும், தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் குடத்தைத் தேடிப் போனாள்.